முதலிடமும் முதன்மையும்

நுழையும்முன்

ஒரு சொல்லை உள்ளிட்ட ஒரு நொடிக்குள் இலட்சக்கணக்கான வலைப்பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகிறது தேடுபொறி. அவ்வரிசையில் முதலில் நிற்கும் சில பக்கங்களைத் தாண்டிச் செல்வோர் குறைவு. முதலில் நிற்பதே சிறந்தது என்னும் எண்ணம் பயனர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. அந்த முதலிடம் எதனை அளந்து வழங்கப்படுகிறது? அளக்கப்படாமல் விடுபடுவன எவை? உயர்ந்த இடத்தில் நிற்கும் தளமும் சில வேளைகளில் திறவாமல் போவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

ஒரே கணினியில் பிறந்த வலை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் உள்ளது செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு மையம். அங்குப் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஆய்வாளர்களின் கணினிகளில் சிதறிக் கிடந்த ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை 1989ஆம் ஆண்டு முன்வைத்தார். வையவிரிவு வலை அத்திட்டத்திலிருந்தே உருவானது. உலகின் முதல் இணையதளம் அவரது மேசையில் இருந்த நெக்ஸ்ட் வகைக் கணினியிலிருந்து இயங்கியது.

கேட்டவர்க்குக் கேட்ட பக்கத்தை எடுத்து வழங்கும் கணினி ‘சர்வர்’ எனப்படும். தமிழில் அதனை ‘வழங்கி’ என்பர். பெர்னர்ஸ்-லீயின் கணினி உலகின் முதல் வலை வழங்கியாகும். இக்கணினி ஒரு வழங்கி, இதனை அணைக்க வேண்டா எனப் பொருள்படும் குறிப்பு ஒன்று சிவப்பு மையால் எழுதப்பட்டு அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. யாரேனும் அறியாமல் அக்கணினியை அணைத்திருந்தால், அன்றைய வலை முழுவதுமே மறைந்திருக்கும்.

அச்சிட்ட நூல் வாசகரின் கைக்கு வந்தபின் அதனை வெளியிட்ட அச்சகத்தை நம்பியிருப்பதில்லை. வலைப்பக்கமோ படிக்கப்படும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கணினி விழித்திருப்பதை நம்பியிருக்கிறது. இணையத்தின் இவ்வியல்பு தொடக்க நாள் முதலே அமைந்ததாகும்.

சொற்களை எண்ணிய காலம்

பக்கங்கள் பெருகியபோது அவற்றுள் வேண்டியதைக் கண்டறிவது அரிதாயிற்று. 1995ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் இக்குறையை நீக்க முயன்றன. அவற்றின் நிரல்கள் பக்கம் பக்கமாகச் சென்று படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று பெரியதொரு சொல்லடைவை உருவாக்கின. தேடும் சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்பன போன்றவற்றைக் கொண்டு பக்கங்கள் வரிசைப்படுத்தப்பட்டன.

இம்முறையின் குறை விரைவில் வெளிப்பட்டது. வெண்ணிறப் பின்புலத்தில் வெண்ணிற எழுத்துகளால் ஒரே சொல்லை நூற்றுக்கணக்கான முறை எழுதி வைத்தவர்கள் முன்னிடம் பெற்றனர். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அவ்வெழுத்துகள் நிரலின் கண்ணுக்குத் தெரிந்தன. நேர்மையாக எழுதப்பட்ட பக்கங்கள் பின்தள்ளப்பட்டன. 1997ஆம் ஆண்டு நவம்பர் நிலவரப்படி, முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளுள் ஒன்று மட்டுமே, தன் பெயரையே தேடினால் தன்னை முதல் பத்து முடிவுகளுக்குள் காட்டியது. இதனை லாரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இரு ஆய்வு மாணவர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டிக்காட்டினர்.

இணைப்பே வாக்கு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்ற அவ்விருவரும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட அக்கட்டுரை, ஏறத்தாழ 2.4 கோடிப் பக்கங்களைக் கொண்டு இயங்கிய கூகுள் என்னும் முன்மாதிரித் தேடுபொறியை விளக்கியது. அதன் உயிர்நாடி ‘பேஜ்ரேங்க்’ என்னும் மதிப்பெண் முறையாகும்.

இதன் வேர் ஆய்வுலகில் உள்ளது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிற ஆய்வாளர்கள் மேற்கோளாகச் சுட்டுவது அதற்குக் கிடைக்கும் ஏற்பு. சிறந்த இதழ் ஒன்று சுட்டினால் அச்சுட்டுதலுக்கு மதிப்பு மிகுதி என்னும் கருத்தை 1976இலேயே கேப்ரியல் பின்ஸ்கி, பிரான்சிஸ் நரின் ஆகியோர் கணக்கீடாக வடித்திருந்தனர். பேஜும் பிரினும் அத்தகைய எண்ணத்தை வலைக்குப் பொருத்தினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்திற்கு இணைப்புத் தருவதை ஒரு வாக்காகக் கொண்டனர். அவ்வாக்கின் எடை, அதனை அளிக்கும் பக்கத்தின் மதிப்பைப் பொறுத்தது.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை அறியலாம். அ, ஆ, இ என மூன்று பக்கங்கள் மட்டுமே கொண்ட சிறு வலையைக் கருதுக. ‘அ’ பக்கத்தில் ‘ஆ’வுக்கும் ‘இ’க்கும் இணைப்புகள் உள்ளன. ‘ஆ’ பக்கத்தில் ‘இ’க்கு மட்டும் இணைப்பு உள்ளது. ‘இ’ பக்கத்தில் ‘அ’வுக்கு மட்டும் இணைப்பு உள்ளது. நூறு பேர் இவ்வலையில் இணைப்புகளைச் சொடுக்கியவாறு உலவுகின்றனர். ‘அ’வில் இருப்போர் பாதிப்பாதியாகப் பிரிந்து செல்கின்றனர். பலமுறை சொடுக்கிய பின் அவர்களின் எண்ணிக்கை ஒரு நிலைக்கு வருகிறது. ‘அ’வில் 40 பேர், ‘ஆ’வில் 20 பேர், ‘இ’யில் 40 பேர் என்பதே அந்நிலை.

கணக்கைச் சரிபார்க்கலாம். ‘அ’வின் 40 பேரில் 20 பேர் ‘ஆ’வுக்கும் 20 பேர் ‘இ’க்கும் செல்வர். ‘ஆ’வின் 20 பேரும் ‘இ’க்குச் செல்வர். எனவே ‘இ’யில் மீண்டும் 40 பேர். முன்பு ‘இ’யில் இருந்த 40 பேர் ‘அ’வை அடைவர். ‘இ’ பக்கத்திற்கு இரண்டு இணைப்புகளும் ‘அ’ பக்கத்திற்கு ஒரே இணைப்பும் உள்ளன. ஆயினும் இரண்டும் ஒரே மதிப்பைப் பெறுகின்றன. ‘அ’வுக்குக் கிடைத்த ஒரே வாக்கு வலிமை மிக்க ‘இ’யிடமிருந்து வந்ததே காரணம். உண்மையான முறையில், உலவுவோர் அவ்வப்போது இணைப்புகளை விட்டுத் தொடர்பற்ற ஏதேனும் ஒரு பக்கத்திற்குத் தாவுவதும் கணக்கில் சேர்க்கப்படும்.

இக்கணக்கில் ஒன்று கவனிக்கத்தக்கது. மூன்று பக்கங்களின் மதிப்பும் கணக்கிடப்பட்டுவிட்டது. அவற்றில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று எவரும் படிக்கவில்லை.

அளவையே இலக்கானபோது

சொல்லை மட்டும் எண்ணிய முறையைவிட இணைப்பைக் கணக்கில் கொண்ட முறை பன்மடங்கு பயனளித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் எல்லைகள் விரைவிலேயே புலப்பட்டன.

2000ஆம் ஆண்டு கூகுள் வெளியிட்ட கருவிப்பட்டை, திறக்கும் ஒவ்வொரு பக்கத்தின் மதிப்பையும் 0 முதல் 10 வரையிலான எண்ணாகப் பயனருக்குக் காட்டியது. தளம் நடத்துவோர் தம் எண்ணை உயர்த்துவதையே நோக்கமாகக் கொண்டனர். உயர்ந்த எண் பெற்ற தளங்களில் இணைப்புகள் விலைக்கு விற்கப்பட்டன. பயனற்ற பக்கங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கி ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தோரும் இருந்தனர். ஓர் அளவை இலக்காக மாறும்போது அது நல்ல அளவையாக இருக்கும் தன்மையை இழக்கிறது என்பர் அறிஞர். பிரித்தானியப் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் கூறிய கருத்திலிருந்து வளர்ந்ததால் இது ‘குட்ஹார்ட் விதி’ எனப்படுகிறது.

2003ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும். படுதோல்வி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைத் தேடியவர்க்கு, அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கம் முதல் முடிவாகக் கிடைத்தது. அத்தொடர் அப்பக்கத்தில் இல்லை. பலர் திட்டமிட்டுத் தம் பக்கங்களில் அத்தொடரை எழுதி, அதிலிருந்து அப்பக்கத்திற்கு இணைப்புக் கொடுத்ததன் விளைவே அது. 2007ஆம் ஆண்டு தொடக்கத்தில் கூகுள் தன் முறையைத் திருத்திய பின்னரே இத்தகைய குறும்புகள் பெருமளவு குறைந்தன.

கருவிப்பட்டை காட்டிய எண் அன்றன்று கணக்கிடப்பட்டதும் அன்று. சில மாதங்களுக்கு ஒருமுறையே அது புதுப்பிக்கப்பட்டது. 2013 டிசம்பருக்குப் பின் அது புதுப்பிக்கப்படவில்லை. 2016இல் பொதுமக்கள் பார்வையிலிருந்து நீக்கப்பட்டது. இன்றைய தேடுபொறிகள் இணைப்புடன் வேறு பல கூறுகளையும் கருத்தில் கொள்கின்றன. ஆயினும் ஒரு பக்கம் கூறுவது உண்மையா என்பதை நேரடியாக அளந்து சொல்லும் எண் எதுவும் இல்லை.

கூட்டத்தை அளந்த கருவி

ஒரு தளம் எத்தனை பேரால் பார்க்கப்படுகிறது என்பதைக் கொண்டு உலகத் தளங்களை வரிசைப்படுத்திய நிறுவனம் அலெக்சா. 1996இல் தொடங்கப்பட்டு 1999இல் அமேசான் நிறுவனத்திற்கு உரிமையான இது, நெடுங்காலம் தன் கருவிப்பட்டையை நிறுவியிருந்தோரின் உலாவலையே முதன்மைச் சான்றாகக் கொண்டது. அக்கருவியை நிறுவாதோர் எங்குச் சென்றாலும் அது கணக்கில் வரவில்லை. எல்லா நாட்டினரும் எல்லா வயதினரும் ஒரே அளவில் அதனை நிறுவியிருக்கவும் இல்லை. ஒரு தெருவில் வாழ்வோரை மட்டும் வினவி ஊரின் விருப்பம் இதுவென அறிவிப்பதற்கு ஒப்பானது இது. பெரிய தளங்களின் வரிசை ஓரளவு நம்பத்தக்கதாக இருந்தது. சிறிய தளங்களின் வரிசையோ சிலரது வருகையாலேயே பெரிதும் ஏறி இறங்கியது. 2022 மே முதல் நாளுடன் இச்சேவை நிறுத்தப்பட்டது.

வழங்கி அயரும் வேளை

தரவரிசை எண் கூறாத மற்றொன்று, அத்தளம் இப்பொழுது திறக்குமா என்பதாகும். வழங்கி இயங்காத நேரத்தைச் ‘செயலிழப்பு நேரம்’ என்பர். மின்தடை, வன்பொருள் பழுது, நிரல் பிழை, பராமரிப்புப் பணி எனக் காரணங்கள் பல. மக்களின் வரவேற்பே தளத்தைச் சாய்ப்பதும் உண்டு. ஒரு நேரத்தில் ஆயிரம் பேருக்கு விடையளிக்கும் வழங்கியிடம் இலட்சம் பேர் ஒருசேரக் கேட்டால், வரிசை நீண்டு, ஒரு கட்டத்தில் எவருக்கும் விடையளிக்க இயலாமல் அது நின்றுவிடும்.

2013 அக்டோபர் முதல் நாள், அமெரிக்க மக்கள் மருத்துவக் காப்பீடு பெறுவதற்கென அந்நாட்டு அரசு அமைத்த இணையதளம் திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் முதல் நாளிலேயே வந்து குவிந்தனர். தளத்தின் வடிவமைப்புக் குறைகளும் சேர்ந்துகொள்ள, அன்று பதிவை முழுமையாக முடிக்க முடிந்தவர் ஆறு பேர் மட்டுமே. எத்தனை பேர் வந்தனர் என்னும் எண்ணைக் கண்டால் அது மாபெரும் வெற்றி. எத்தனை பேர் பயன்பெற்றனர் என்னும் எண்ணைக் கண்டால் அது பெருந்தோல்வி.

2021 அக்டோபர் 4ஆம் நாள் முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியன உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இயங்கவில்லை. பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அந்நிறுவனத்தின் தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகளைத் துண்டித்தது. அதனைத் தொடர்ந்து அத்தளங்களுக்குச் செல்லும் வழியை இணையத்தின் பிற பகுதிகள் அறிய இயலாமற் போயிற்று. உலகில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் தளங்களுக்கும் இந்நிலை நேரும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

வழங்கி இயங்கும் நேரத்தை விழுக்காட்டில் குறிப்பது வழக்கம். ஓராண்டுக்கு 8,760 மணி நேரம் எனக் கொண்டால்,

99 விழுக்காடு இயங்கினால், ஆண்டுக்கு 87.6 மணி நேரம் செயலிழப்பு.
99.9 விழுக்காடு இயங்கினால், ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் செயலிழப்பு.
99.99 விழுக்காடு இயங்கினால், ஏறத்தாழ 53 நிமிடம் செயலிழப்பு.
99.999 விழுக்காடு இயங்கினால், 5 நிமிடத்திற்குச் சற்று மிகுதியான செயலிழப்பு.

வழங்கி அனுப்பும் எண்களும் பொருளுடையன. ‘404’ என்பது கேட்ட பக்கம் அங்கு இல்லை என்பதையும், ‘503’ என்பது வழங்கி தற்காலிகமாக விடையளிக்கும் நிலையில் இல்லை என்பதையும் குறிக்கும். முன்னதைக் கண்டால் முகவரியைச் சரிபார்க்க வேண்டும். பின்னதைக் கண்டால் பொறுத்திருந்து மீண்டும் முயல வேண்டும்.

செயலிழப்பும் தரவரிசையும் உடனுக்குடன் இணைந்து மாறுவதில்லை. தேடுபொறி, தன் நிரல் முன்பு படித்துச் சேர்த்த சொல்லடைவிலிருந்தே விடை தருகிறது. அதனால், சற்றுமுன் செயலிழந்த தளமும் முதலிடத்திலேயே காட்டப்படலாம். நிரல் மீண்டும் மீண்டும் வந்து பார்த்தும் பக்கம் திறவாவிடில், அது நாளடைவில் சொல்லடைவிலிருந்து நீக்கப்படும். பணவசதியற்ற சிறு தளங்கள் இவ்வாறு உலகின் பார்வையிலிருந்து மறைவதுண்டு.

தமிழ்ப் பக்கங்கள் எதிர்கொண்ட தடை

தரவரிசையில் இடம்பெற வேண்டுமெனில் முதலில் சொல்லடைவில் சொல் பதிய வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழில் பல்வேறு எழுத்துருக் குறியீட்டு முறைகள் வழங்கின. ஒரு முறையில் ‘அ’வைக் குறித்த எண் மற்றொரு முறையில் வேறோர் எழுத்தைக் குறித்தது. அதனால், பழைய எழுத்துருவில் இடப்பட்ட அரிய கட்டுரையை ஒருங்குறியில் தேடுவோர் கண்டடைய இயலவில்லை. எழுத்தின் தரத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சொற்கள் உருமாறும் தமிழின் இயல்பும் தேடலுக்குச் சவாலாகும். ‘மரம்’ என்னும் சொல் மரத்தை, மரத்தில், மரங்களால் என வேற்றுமை ஏற்று வடிவம் மாறுகிறது. இவையனைத்தும் ஒரே சொல்லின் வடிவங்கள் என்பதைத் தமிழறிந்த சிறுவனும் அறிவான். நிரலுக்கோ அதனை இலக்கணமாகக் கற்பிக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. ‘தகுதரம்’ என்னும் குறியீட்டில் அமைந்த நூல்கள் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கப்பட்டன. இத்தகைய பணியின் பயனை, அதனை நாடி வருவோரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது. ஓர் அரிய நூலை ஆண்டுக்குப் பத்துப் பேரே படித்தாலும், அப்பத்துப் பேருக்கும் அது வேறெங்கும் கிடைக்காததாக இருக்கலாம்.

தேடுவோர் செய்யத் தக்கன

தரவரிசையைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களிடையே அது ஒரு நல்ல தொடக்கம். அவ்வெண் எதனை அளக்கிறது என்பதை அறிந்து பயன்படுத்துவதே தேவை.

மேனிலைக் கல்வி முடித்து உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் ஒருவரைக் கருதுக. தேடல் முடிவுகளின் தலைப்பகுதியில் தோன்றுவது கட்டணம் செலுத்தி இடப்பட்ட விளம்பரமாக இருக்கலாம். அதனை அடுத்து நிற்பது, அரசின் தளத்தைப் போன்ற தோற்றம் கொண்டு பணம் கேட்கும் தனியார் தளமாகவும் இருக்கலாம். ‘விளம்பரம்’ என்னும் குறிப்பு உள்ளதா, முகவரி எவ்வாறு முடிகிறது, தளத்தை நடத்துவோர் யார், செய்தி எந்நாளில் பதியப்பட்டது ஆகிய நான்கையும் பார்த்த பின்னரே தன் விவரங்களை அவர் உள்ளிட வேண்டும். இந்திய அரசுத் தளங்களின் முகவரிகள் பெரும்பாலும் ‘.ஜிஓவி.இன்’ அல்லது ‘.என்ஐசி.இன்’ என முடிவன.

இறுதி நாள் வரை காத்திருப்பதும் தவறு. அனைவரும் அந்நாளில் ஒருசேர வருவர். அப்போது வழங்கி அயர்ந்து நிற்கக்கூடும். சில நாள்களுக்கு முன்பே விண்ணப்பித்து, ஒப்புகைப் படியைச் சேமித்து வைப்பவர்க்கு அத்துன்பம் இல்லை.

ஓர் எண்ணைக் காணும்போது அதற்குப் பின்னால் உள்ள கணக்கைக் கேட்பது கற்றவரின் இயல்பு. இணைப்புகளின் கணக்கு முதலிடத்தை முடிவு செய்கிறது. ஒரு பக்கத்தின் முதன்மையை, அதனைத் திறந்து படித்து, பிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பவரே முடிவு செய்ய இயலும். அப்பணியை எந்தத் தேடுபொறியும் படிப்பவருக்காகச் செய்து முடிப்பதில்லை.

கற்பவை கற்றபின்

1. ஒரே சொல்லை இரு வேறு தேடுபொறிகளில் தேடி, முதல் ஐந்து முடிவுகளை ஒப்பிட்டு வேறுபாடுகளைப் பட்டியலிடுக.
2. நான்கு பக்கங்கள் கொண்ட சிறு வலையை வரைந்து, எந்தப் பக்கம் உயர்ந்த மதிப்புப் பெறும் என்பதை வகுப்பில் கணக்கிட்டுக் காட்டுக.
3. உங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் செய்தி ஒன்றை, ஊரில் உள்ள மூத்தோரிடம் வினவிச் சரிபார்த்து எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. வழங்கி என்பது யாது?
2. ‘404’, ‘503’ ஆகிய எண்கள் உணர்த்துவன யாவை?

சிறுவினா
1. பேஜ்ரேங்க் முறையில் ஒரே இணைப்புப் பெற்ற பக்கமும் உயர்ந்த மதிப்பைப் பெறுவது எவ்வாறு? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. தமிழ்ப் பக்கங்களைத் தேடுவதில் எழுந்த தடைகளைக் கூறுக.

நெடுவினா
‘முதலிடம் பெற்றவை எல்லாம் முதன்மையானவை அல்ல’ – தேடுபொறித் தரவரிசையின் எல்லைகளைச் சான்றுகளுடன் விவரிக்க.